அமெரிக்க வீட்டு விற்பனை: குளோசிங் படிவங்களை மென்பொருளில் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

சென்னையிலும் கோவையிலும் இருந்துகொண்டு அமெரிக்க டைட்டில் கம்பெனிகளுக்கு (வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் நிறுவனங்கள்) செட்டில்மென்ட் வேலை, அதாவது விற்பனை முடியும் குளோசிங் நாளுக்கான பணக் கணக்கையும் படிவங்களையும் தயாரிக்கும் வேலை, பார்க்கும் நம்மவர்கள் ஏராளம். வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் மென்பொருளை இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். அதன் பிறகும் ஃபைல் பேலன்ஸ் ஆவதில்லை, அதாவது வரவும் பட்டுவாடாவும் சமமாவதில்லை. காரணம் அநேகமாக ஒன்றுதான்: எதை முதலில் போட வேண்டும், எதை அதற்குப் பிறகு போட வேண்டும் என்ற வரிசை அவர்களுக்குச் சொல்லித் தரப்படுவதில்லை. சாஃப்ட்ப்ரோ, குவாலியா, ராம்குவெஸ்ட், ரெஸ்வேர் என எதில் வேலை செய்தாலும் திரை வேறுபடுமே தவிர, இந்த வரிசை மாறாது.

வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ஒரு வீடு. விலை 4,00,000 டாலர். வங்கிக் கடன் 3,20,000 டாலர், வட்டி 6.5 சதவீதம். குளோசிங் தேதி 2026 ஜூன் 15, திங்கட்கிழமை.

1. மென்பொருளைத் திறப்பதற்கு முன்

கையில் இருக்க வேண்டியவை: எல்லாத் திருத்தங்களும் சேர்ந்த விற்பனை ஒப்பந்தம், டைட்டில் கமிட்மென்ட் (பதிவேட்டை ஆராய்ந்து, எந்த நிபந்தனைகளில் காப்பீடு தருவோம் என்று சொல்லும் ஆவணம்), லெண்டரின், அதாவது கடன் தரும் வங்கியின், குளோசிங் குறிப்புகளும் லோன் எஸ்டிமேட்டும் (தொடக்கத்தில் தந்த செலவு மதிப்பீடு), பழைய கடனை அடைக்கத் தேவையான தொகையைச் சொல்லும் பேஆஃப் கடிதம், சொத்து வரி விவரம், பாக்கியைச் சொல்லும் குடியிருப்போர் சங்கத்தின் எஸ்டாப்பல் கடிதம், புரோக்கர்களின் கமிஷன் கடிதம், சர்வே, காப்பீடு போன்றவற்றின் பில்கள்.

ஒப்பந்தத்தை எப்போதும் கடைசித் திருத்தத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படியுங்கள். விலைக் குறைப்பு, விற்பவர் தரும் கிரெடிட், தேதி மாற்றம் எல்லாம் திருத்தங்களில்தான் இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் பார்த்து என்ட்ரி போட்டால், விலையில் தொடங்கி முத்திரை வரி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், கமிஷன் வரை அத்தனையும் தவறிவிடும்.

ஏதாவது ஓர் ஆவணம் வரவில்லை என்றால், அந்தத் தொகைக்கு உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டு நகராதீர்கள். வெற்றாக விட்டு, ஃபைல் குறிப்பில் எழுதி வையுங்கள். திரையில் ஓர் எண் இருந்துவிட்டால், அது உறுதியான எண் என்றே அடுத்த ஷிஃப்டில் வருபவர் எடுத்துக்கொள்வார்.

2. எந்தப் படிவம் என்பதை முடிவு செய்தல்

ஃபைல் திறக்கும்போதே மென்பொருள் இதைக் கேட்கும். கடனோடு வீடு வாங்கினால் குளோசிங் டிஸ்குளோஷரும் (கடன் விவரங்களையும் இறுதிச் செலவுகளையும் காட்டும் படிவம்) அதோடு ஆல்டா செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட்டும் (டைட்டில் நிறுவனங்களின் சங்கமான ஆல்டா வகுத்த வரவு செலவுப் படிவம்). முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினால் ஆல்டாவின் ரொக்கப் படிவம் போதும். முதியோர் தம் வீட்டை அடமானம் வைத்துப் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்றால் இன்றும் பழைய ஹட்-1 படிவம்தான். மற்ற வீட்டுக் கடன்களுக்கு அந்தப் படிவம் 2015 அக்டோபர் 3 முதல் நின்றுவிட்டது.

இதை இடையில் மாற்றினால் நீங்கள் ஏற்கெனவே போட்ட வரிகள் வேறு பகுதிகளுக்குப் போய் உட்காரும். சில காணாமலே போகும். ஆகவே லெண்டர் உண்டா, இல்லையா, எந்த வகைக் கடன் என்பதை உறுதி செய்த பிறகே ஃபைலைத் திறங்கள்.

பொறுப்பு யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குபவருக்கான குளோசிங் டிஸ்குளோஷருக்குச் சட்டப்படி லெண்டரே பொறுப்பு. பெரும்பாலும் அவர்களே தயாரித்து அனுப்புவார்கள். விற்பவருக்கான பிரதி செட்டில்மென்ட் ஏஜென்ட்டின், அதாவது நம் டைட்டில் கம்பெனியின், பொறுப்பு. ஆனால் லெண்டரின் படிவத்தில் உள்ள எண்களில் பாதி நம்மிடமிருந்துதான் அவர்களுக்குப் போகிறது.

3. தேதிகள்

பணத்தைத் தொடுவதற்கு முன்பே எல்லாத் தேதிகளையும் போட்டுவிட வேண்டும். வரிப் பங்கீடு (ஆண்டு வரியை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நாள் கணக்கில் பிரிப்பது), முன்கூட்டிய வட்டி (குளோசிங்கிலிருந்து மாதக் கடைசி வரைக்கானது), பேஆஃப் மூன்றும் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன.

குளோசிங் தேதி, பணம் பட்டுவாடா ஆகும் தேதி, பங்கீட்டுத் தேதி ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். வீடு வாங்கும்போது முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். சொந்தக் குடியிருப்புக்கு ரீஃபைனான்ஸ் செய்பவருக்கு, அதாவது பழைய கடனை அடைக்கப் புதிய கடன் எடுப்பவருக்கு, கடனை ரத்து செய்ய மூன்று நாள் உரிமை உண்டு. அந்த நாட்கள் கழிந்த பிறகே பணம் போகும். புதியவர்கள் குளோசிங் தேதியை மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து மூன்று நாள் விதி. கையெழுத்துக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே குளோசிங் டிஸ்குளோஷர் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள்தான். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறைகளும் மட்டுமே விலக்கு. நம் எடுத்துக்காட்டில் திங்கட்கிழமை 15ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சனி 13, வெள்ளி 12, வியாழன் 11. ஆக, ஜூன் 11க்குள் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

வாங்குபவர் பெற்றுக்கொண்டதற்குச் சான்று இல்லாமல் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால், அனுப்பிய நாளுக்குப் பிறகு மூன்று வேலை நாள் கழித்தே கிடைத்ததாகக் கொள்ளப்படும். அப்படியானால் ஜூன் 8 திங்கட்கிழமையே அனுப்பியாக வேண்டும். அதாவது நம் கட்டணங்கள் அதற்கும் முந்தைய வெள்ளிக்கிழமை லெண்டரிடம் இருக்க வேண்டும். வேலையின் உண்மையான கெடு அந்த வெள்ளிதான்.

தொகை எது மாறினாலும் மூன்று நாள் மறுபடி ஓடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஆண்டு சதவீத விகிதம் (வட்டியோடு கட்டணங்களும் சேர்ந்த கடன் செலவு) அனுமதித்த அளவைத் தாண்டி மாறினால், கடனின் வகை மாறினால், முன்கூட்டிக் கடனை அடைப்பதற்கு அபராதம் சேர்க்கப்பட்டால், இந்த மூன்றுக்கு மட்டுமே புதிய காத்திருப்பு. மற்ற மாற்றங்களுக்குத் திருத்திய படிவத்தைக் கையெழுத்தின்போது கொடுத்தால் போதும்.

4. நபர்களும் சொத்தும்

பெயர்களை ஒப்பந்தத்திலிருந்து எடுக்காமல் டைட்டில் கமிட்மென்ட்டிலிருந்து எடுங்கள். ஒப்பந்தத்தில் புரோக்கர் சுருக்கமாக எழுதியிருப்பார். பத்திரமும் அடமானமும் பதிவேட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சொத்து விவரணையைக் கையால் தட்டச்சு செய்யவே கூடாது. கமிட்மென்ட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

திருமண நிலை என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஃபுளோரிடாவில் அந்த வீடு குடும்பத்தின் ஹோம்ஸ்டெட் ஆக, அதாவது சட்டப் பாதுகாப்புள்ள சொந்தக் குடியிருப்பாக, இருந்தால், பத்திரத்தில் பெயர் இல்லாத கணவனோ மனைவியோகூடக் கையெழுத்திட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் அவருக்குக் கையெழுத்துக் கோடே போடாது.

விற்பவர் வெளிநாட்டவரா என்ற கேள்வியை நம்மவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருந்தபோது வீடு வாங்கி, ஊருக்குத் திரும்பிவிட்டு இப்போது விற்பவர்கள் நிறையப் பேர். அமெரிக்க வரிச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் அமெரிக்கச் சொத்தை விற்கும்போது வரி பிடிக்கச் சொல்லும் ஃபிர்ப்டா சட்டப்படி விற்பனைத் தொகையில் 15 சதவீதம் பிடித்து வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். வாங்குபவர் தானே குடியிருக்கப் போகிறார், விலை 3 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் டாலருக்குள் என்றால் 10 சதவீதம். நம் ஃபைலில் அது 40,000 டாலர். குளோசிங் அன்று காலையில் இது தெரியவந்தால், விற்பவரின் பேஆஃபுக்கே பணம் பற்றாமல் போகக்கூடும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது.

5. பணத்தின் சட்டகம்

விலை, கடன் தொகை, முன்பணம். மூன்றையும் போட்டு, அத்தோடு நிறுத்திவிட்டு ஒரு முறை வரைவை அச்சிட்டுப் பாருங்கள். கட்டணம் ஏதும் இல்லாத நிலையில் வாங்குபவர் தர வேண்டியது விலையில் கடனையும் முன்பணத்தையும் கழித்த தொகையாக இருக்க வேண்டும். முன்பணம் 10,000 டாலர் என்றால் 70,000. இங்கே பிசகினால் பிறகு நூறு வரிகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.

முன்பணம் யாரிடம் இருக்கிறது என்பதையும் இப்போதே குறியுங்கள். நம் எஸ்க்ரோ கணக்கில் (பிறர் பணத்தைக் குளோசிங் வரை வைத்திருக்கும் கணக்கு) இருந்தால் அது வரவு. புரோக்கரிடம் இருந்தால் அது நம் கணக்குக்கு வந்தாக வேண்டும், அல்லது அவர் கமிஷனில் கழித்துக்கொள்வார். இதைக் குறிக்காத ஃபைல்களில் சரியாக முன்பணத் தொகை அளவுக்கே பற்றாக்குறை காட்டும்.

6. கட்டணங்களை உரிய பகுதியில் போடுதல்

குளோசிங் டிஸ்குளோஷரின் இரண்டாம் பக்கத்தில் ஏ முதல் ஜே வரை பகுதிகள். லெண்டர் தானே வசூலிப்பது ஏ. அரசுக் கட்டணமும் வரியும் இ. முன்கூட்டிச் செலுத்தும் காப்பீடு, வட்டி எஃப். வரிக்கும் காப்பீட்டுக்கும் லெண்டர் வைத்திருக்கும் எஸ்க்ரோவின் தொடக்க வைப்பு ஜி. கமிஷன், சங்கக் கட்டணம், ஓனர்ஸ் பாலிசி (வாங்குபவருக்கான டைட்டில் காப்பீடு) போன்றவை எச். இவற்றில் அதிகம் குழப்பம் வராது.

குழப்பம் பி-க்கும் சி-க்கும் இடையில்தான். லெண்டர் ஒரு பட்டியல் கொடுத்து, வாங்குபவர் அந்தப் பட்டியலிலிருந்தே நம் கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருந்தால் நம் கட்டணங்கள் பி-யில் வரும். பட்டியலுக்கு வெளியே தானாகத் தேடி வந்திருந்தால் சி. பி-யில் இருக்கும் இத்தகைய கட்டணங்களின் கூட்டுத்தொகை லோன் எஸ்டிமேட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கூடினால் மீறிய தொகையை லெண்டர் திருப்பித் தர வேண்டும். சி-க்கு அந்த வரம்பு இல்லை. அதனால்தான் தவறான பகுதியில் போட்ட 200 டாலருக்காக லெண்டர் படிவத்தையே திருப்பி அனுப்புகிறார்.

ஒவ்வொரு பகுதியிலும் வரிகள் பெரும்பாலும் அகர வரிசையில் வர வேண்டும். டைட்டில் சார்ந்த கட்டணங்களின் முன்னால் ‘டைட்டில்’ என்ற சொல் இருக்க வேண்டும். இதை மென்பொருளே செய்யும், நீங்கள் விளக்கத்தைக் கையால் மாற்றாத வரை.

ஃபுளோரிடாவின் முத்திரை வரியைப் பத்திரத்துக்கு நூறு டாலருக்கு 70 சென்ட் வீதம் கணக்கிட்டால் 2,800 டாலர். வழக்கப்படி விற்பவர் கட்டுவார். கடன் பத்திரத்துக்கு நூறுக்கு 35 சென்ட், ஆக 1,120. அடமானத்தின் மீதான இன்டான்ஜிபிள் வரி கடனில் ஆயிரத்துக்கு 2 டாலர், ஆக 640. மயாமி-டேட் கவுன்டியில் பத்திர வரி விகிதமே வேறு. ஆகவே கவுன்டியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பத்திர வரி பிசகும். விலை, கடன் அடிப்படையிலான இந்த வரிகளுக்கு அந்த 10 சதவீதச் சலுகைகூடக் கிடையாது. எஸ்டிமேட்டில் குறைத்துச் சொன்ன ஒவ்வொரு டாலரும் லெண்டர் தலையில் விழும்.

வாங்குபவர் முன்பே கட்டிவிட்ட அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு) கட்டணம் போன்றவற்றை ‘குளோசிங்குக்கு முன் செலுத்தியது’ என்ற நெடுவரிசையில் போடுங்கள். நீக்கிவிடாதீர்கள். செலவாக அது படிவத்தில் தெரிய வேண்டும், ஆனால் பட்டுவாடாவில் வரக் கூடாது.

7. டைட்டில் இன்ஷூரன்ஸ்: அதிகம் இடறும் இடம்

வீட்டின் உரிமையில் பின்னர் குறை தெரிந்தால் வரும் இழப்பை ஈடுசெய்வது டைட்டில் இன்ஷூரன்ஸ். ஃபுளோரிடாவில் அதன் பிரீமியம் அரசு நிர்ணயித்தது. முதல் ஒரு லட்சம் டாலருக்கு ஆயிரத்துக்கு 5.75, அதற்கு மேல் 10 லட்சம் வரை ஆயிரத்துக்கு 5. நம் வீட்டின் ஓனர்ஸ் பாலிசிக்கு 575 கூட்டல் 1,500, ஆக 2,075 டாலர். இரண்டு பாலிசியும் ஒரே நேரத்தில் எடுப்பதால் லெண்டரைப் பாதுகாக்கும் லெண்டர்ஸ் பாலிசிக்கு 25 டாலர் மட்டுமே. மொத்தம் 2,100. ஆல்டா ஸ்டேட்மென்ட்டில் இது இப்படியே வரும்.

குளோசிங் டிஸ்குளோஷரில் இப்படி வராது. லெண்டர்ஸ் பாலிசியைச் சலுகை இல்லாத முழுக் கட்டணத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. 3,20,000 டாலருக்கு அது 1,675. ஓனர்ஸ் பாலிசிக்கு மீதித் தொகை: 2,075 கூட்டல் 25 கழித்தல் 1,675, ஆக 425. கூட்டினால் அதே 2,100தான்.

இந்த 425ஐப் பார்த்ததும் புதியவர்கள் திடுக்கிட்டுக் கையால் 2,075 என்று மாற்றிவிடுகிறார்கள். மாற்றிய நொடியில் அந்த வரி சூத்திரத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். பிறகு விலை மாறினாலும் அது நகராது. ஒரே நேரத்தில் எடுக்கும் பாலிசி என்ற தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் 425ஐ அப்படியே விடுங்கள்.

ஒப்பந்தப்படி ஓனர்ஸ் பாலிசியை விற்பவர் கட்டுகிறார் என்றால் இன்னொரு படி உண்டு. டாம்பா பகுதியில் அதுவே வழக்கம். அவர் கட்ட ஒப்புக்கொண்டது 2,075, படிவம் காட்டுவது 425. மீதி 1,650 டாலரை எங்காவது அவர் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சில லெண்டர்கள் லெண்டர்ஸ் பாலிசி வரியிலேயே 1,650ஐ விற்பவர் நெடுவரிசைக்கு மாற்றச் சொல்வார்கள். சிலர் மூன்றாம் பக்கத்தில் விற்பவர் கிரெடிட்டாகக் காட்டச் சொல்வார்கள். எது என்று கேட்டு ஃபைலில் குறியுங்கள். இரண்டையும் செய்துவிட்டால் விற்பவருக்கு 1,650 டாலர் நஷ்டம்.

8. சொத்து வரிப் பங்கீடு

மென்பொருள் நான்கு விஷயங்களைக் கேட்கும்: ஆண்டு வரி, வரி ஆண்டின் தொடக்கம், 365 நாளா 360 நாளா, குளோசிங் நாள் யாருடையது. நான்குக்கும் விடை ஒப்பந்தத்திலும் மாநில வழக்கத்திலும் இருக்கிறது. முந்தைய ஃபைலின் அமைப்பை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கலிஃபோர்னியாவின் வரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. ஃபுளோரிடாவில் ஜனவரி 1.

எடுத்துக்காட்டு வீட்டுக்குப் பில் 4,562.50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவில் நவம்பரிலேயே கட்டினால் 4 சதவீதத் தள்ளுபடி. அங்கே பரவலாகப் பயன்படும் ஒப்பந்தப் படிவம் அந்தத் தள்ளுபடியைக் கழித்தே பங்கிடச் சொல்கிறது. கழித்தால் 4,380, நாளுக்கு 12 டாலர். ஜனவரி 1 முதல் ஜூன் 14 வரை 165 நாள், ஆக 1,980. இந்த ஆண்டின் வரியை நவம்பரில் கட்டப்போவது வாங்குபவர். ஆகவே விற்பவர் தன் பங்கான 1,980ஐ இப்போதே அவருக்கு விட்டுக்கொடுக்கிறார்.

தள்ளுபடியை மறந்தால் 2,062.50 வரும். குளோசிங் நாளை விற்பவர் பக்கம் போட்டால் 1,992 வரும். இரண்டுமே திரையில் பார்க்கச் சரியான எண் போலவே இருக்கும். ஒரு முறை விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்ப்பதுதான் வழி.

புது வீடு என்றால் கூடுதல் கவனம். போன ஆண்டு பில் வெறும் மனைக்கானதாக இருக்கும்; கட்டடம் மதிப்பிடப்பட்டதும் வரி பல மடங்காகும். ஒப்பந்தத்தில் மறுபங்கீட்டு நிபந்தனை (உண்மையான பில் வந்ததும் மீண்டும் பிரிப்பது) உள்ளதா என்று பார்த்து, இல்லாவிட்டால் குளோசிங்கை நடத்தும் குளோசரிடம் எழுத்தில் கேளுங்கள்.

9. பேஆஃப்

கடிதத்தில் மூன்று எண்களைத் தேடுங்கள்: அசல் பாக்கி, நாள் வட்டி, எந்தத் தேதி வரை செல்லும். குளோசிங் தேதி வரை மட்டும் வட்டி போடாதீர்கள். மாலை நேரக் கையெழுத்து என்றால் வயர் (வங்கிப் பணப் பரிமாற்றம்) மறுநாள்தான் போகும். இரண்டு மூன்று நாள் வட்டியைச் சேர்த்தே போடுங்கள். மிச்சம் இருந்தால் விற்பவருக்குத் திரும்பும். குறைந்தால் அடமானம் நீங்காது.

வீட்டின் மீதான சுழல் கடன் இருந்தால் பாக்கியை அடைப்பது மட்டும் போதாது. கணக்கையே மூடச் சொல்லிக் கடன்தாரர் கையெழுத்திட்ட கடிதமும் போக வேண்டும். கணக்கு திறந்தே இருந்தால் அவர் மறுநாளே அதிலிருந்து மீண்டும் பணம் எடுக்கலாம், புது உரிமையாளரின் வீட்டின் மேல்.

10. லெண்டரின் எண்களோடு ஒப்பிடுதல்

இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். மொத்தம் ஒத்துப்போகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். இரு தவறுகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வது உண்டு.

சில சென்ட் வித்தியாசம் பெரும்பாலும் முன்கூட்டிய வட்டியில் இருக்கும். ஜூன் 15 முதல் 30 வரை 16 நாள். 365ஆல் வகுத்து, கடைசியில் முழுமையாக்கினால் 911.78. நாள் வட்டியை முதலில் 56.99 என்று முழுமையாக்கிப் பெருக்கினால் 911.84. 360ஆல் வகுத்தால் 924.44. இது லெண்டரின் எண் என்பதால் அவர் முறையையே உங்கள் திரையில் அமையுங்கள்.

அடுத்து, கடன் பணம் முழுதாக வருகிறதா, பிடித்தம் போக வருகிறதா? பல லெண்டர்கள் தங்கள் கட்டணம், வட்டி, எஸ்க்ரோ வைப்பு ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வயர் செய்வார்கள். கட்டணம் 1,200, வட்டி 911.78, எஸ்க்ரோ 2,400 என்றால் நமக்கு வருவது 3,15,488.22. அந்த மூன்று வரிகளிலும் ‘லெண்டர் பிடித்தம்’ என்று குறிக்காவிட்டால், மென்பொருள் அவற்றுக்கும் காசோலை தயாரிக்கும். லெண்டருக்கு இருமுறை பணம் போகும், அல்லது லெட்ஜர் 4,511.78 டாலர் குறைவாக நிற்கும்.

11. பேலன்ஸும் பட்டுவாடாவும்

வரவும் பட்டுவாடாவும் சென்ட் சுத்தமாகச் சமமாக வேண்டும். சமமாகவில்லை என்றால் சரிக்கட்டும் வரி எதையும் சேர்க்காதீர்கள். வித்தியாசத் தொகையை எடுத்துக்கொண்டு முதலில் அதே தொகையையும், பிறகு அதன் பாதியையும் ஃபைலில் தேடுங்கள். பாதி கிடைத்தால், ஒரு வரி எதிர்ப்பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று பொருள்.

வயர் விவரங்களை மின்னஞ்சலில் வந்தபடி அப்படியே ஏற்றக் கூடாது. ‘கணக்கு எண் மாறிவிட்டது’ என்று கடைசி நேரத்தில் வரும் மின்னஞ்சலைப் போலி என்று எண்ணியே தொடங்குங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே நமக்குத் தெரிந்த எண்ணில் அழைத்து, கணக்கு எண்ணை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுச் சரிபாருங்கள். ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் அது. தவறான கணக்குக்குப் போய்விட்டால் மீட்பது மிகக் கடினம்.

12. கையெழுத்துக்குப் பிறகு

பதிவுக் கட்டணம் உத்தேசித்ததைவிடக் குறைவாக வந்தால், மீதியை உரியவருக்குத் திருப்பி, இறுதி ஸ்டேட்மென்ட்டைத் திருத்துங்கள். குளோசிங்குக்குப் பின் 30 நாளுக்குள் இப்படி வாங்குபவர் கட்டும் தொகை மாறினால், தகவல் கிடைத்து 30 நாளுக்குள் லெண்டர் திருத்திய படிவம் அனுப்ப வேண்டும். ஆகவே அன்றே அவருக்குத் தெரிவியுங்கள். வரம்பு மீறிய தொகையைத் திருப்பித் தருவதற்கும், எண் சாராத எழுத்துப் பிழைகளுக்கும் கெடு குளோசிங்கிலிருந்து 60 நாள்.

விற்பனைத் தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-எஸ் படிவத்துக்காக விற்பவரின் வரி எண்ணையும் புதிய முகவரியையும் குளோசிங் மேசையிலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். ஜனவரியில் அவரைத் தேடினால் பழைய முகவரிதான் கையில் இருக்கும். ஃபிர்ப்டா பிடித்தம் இருந்தால் 8288 படிவமும் பணமும் 20 நாளுக்குள் வரித்துறைக்குப் போயாக வேண்டும். மென்பொருள் காலண்டரில் அதற்கு ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டு, அதன் பிறகே ஃபைலை மூடுங்கள்.